ஆயுத பூஜைக்குக் கழுவிய பாட்டில்கள்

மூன்று முறை கால்வாய்த் தண்ணீரிலேயே பாட்டிலை அலசிக் கொட்டிவிட்டு, நான்காம் முறை முழங்கை வரை முக்கி எடுக்கும்போது சாம்பிள் அக்கா மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. பாட்டில் நிரம்பி, மூடி திருகி, சுற்றிலும் துடைத்து, இடமும் தேதியும் நேரமும் அழியாத பேனாவால் எழுதிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடங்கும். பெரும்பாலும் அது அன்றைக்கு எங்கே நாஸ்டா சாப்பிடலாம் என்ற பேச்சாகத்தான் இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. இந்தக் கோலத்தில் அவர் சேற்றுக்குள் இறங்கி நிற்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் தெம்பும் சேர்ந்தே வருகின்றன.

அவருக்கு ஆபீஸில் கொடுத்த பதவிப் பெயர் நீளமானது. யாருக்கும் முழுதாக நினைவில்லை. சடையங்குப்பத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கரையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் சாம்பிள் அக்கா. வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, கெமிஸ்ட்ரி படித்து, அங்கிருந்தே வேலைக்கு வந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நானோ ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாங்கள் இருவரும் ஒரே பாஷை பேசுகிறவர்கள் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். நாலு பேர் இருக்கும் இடத்தில் என்னை மேடம் என்பார். தனியாக இருக்கும்போது மேடம் போய் "இன்னாமே" வந்துவிடும்.

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் ஆபீஸ் நடந்தது. என் வேலை கம்ப்யூட்டரில் ஒரு ஆற்றை ஓடவிடுவது. என் அம்மா பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது மற்ற பெண்களிடம் அப்படித்தான் சொல்வார்: "எம்பொண்ணு கம்பியூட்டர்ல ஆறு வுடுறா." அதைவிடச் சுருக்கமாக நானே சொல்ல முடியாது. கொசஸ்தலை ஆற்றின் மேல்பகுதியில் மழை எங்கே பெய்கிறது, அதில் மண்ணுக்குள் இறங்குவது எவ்வளவு, ஓடி வருவது எவ்வளவு, வருகிற வழியில் வயல் உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் சாணத்திலிருந்தும் துணி துவைத்த தண்ணீரிலிருந்தும் எவ்வளவு பாஸ்பரஸைச் சுருட்டிக்கொண்டு வந்து கடலில் கொட்டுகிறது என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதி ஓடவிட வேண்டும். அதற்குப் பெயர் மாடல். பாஸ்பரஸ் பயிருக்குச் சத்துதான். தண்ணீரில் மிஞ்சிப்போனால் பாசியும் ஆகாயத்தாமரையும் கல்யாண விருந்து சாப்பிட்டதுபோல் கொழுத்து, மீனுக்கு மூச்சு விட இடமில்லாமல் செய்துவிடும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடுக்கலாம் என்று சொல்ல முடியும்.

மாடல் சொல்வது உண்மையா என்று பார்க்க நிஜத் தண்ணீர் வேண்டும். அந்த நிஜத் தண்ணீரைக் கொண்டுவருபவர் அக்கா. கரையில் அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். தண்ணிக்கு சுகர் கீதா, பி.பி. கீதா என்று கேட்பார்கள். கொயுப்புதான் ஜாஸ்தி கீது, உங்கள மாரியே, என்று அக்கா சொல்ல, கேட்டவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் முதன்முதலில் அவருடன் போன அன்று, என் கணக்குப்படி கிழக்கே கடலைப் பார்த்துப் போக வேண்டிய தண்ணீர் கம்பீரமாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. கடலில் ஓதம் ஏறும் நேரம் அது. ஓதத்தைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தவள் நான். வாயைப் பிளந்து நின்றேன். அக்கா தோள்பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து, "குந்துமே. அது போய்ட்டு வரட்டும்" என்றார். ஓதம் வடியும்வரை இரண்டு மணி நேரம் கடலை தின்றோம். அதுபோன்ற சுகமான வேலை நாள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அக்காவின் ஒவ்வொரு கூடையிலும் எப்போதும் ஒரு பாட்டில் அதிகமாக இருக்கும். அதில் ஆபீஸிலிருந்தே காய்ச்சி வடித்த சுத்தமான வடிநீர் நிரப்பி எடுத்து வருவார். கரையில் அதைத் திறந்து, மற்ற பாட்டில்கள் திறந்திருக்கும் அளவு நேரம் வைத்திருந்து, மூடித் திரும்பக் கொண்டுபோவார். லேபுக்குப் போகும் மற்ற பாட்டில்களோடு அதுவும் போகும். அதில் பாஸ்பரஸ் துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் தப்பு ஆற்றில் இல்லை, நம் கையிலோ பாட்டிலிலோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் துறையில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. அக்கா அதற்கு வைத்திருந்த பெயர் சொம்மா பாட்டில். சொம்மா போய்ட்டு சொம்மா வரும், ஆனா அதான் நம்ப சாட்சி என்பார். லேபிலிருந்து வரும் எண்களில் அந்த ஒரு வரியை மட்டும் நான் அழித்துவிடுவேன். அது எந்த இடத்துத் தண்ணீரும் இல்லை. என் மாடலில் அதை வைக்க இடமில்லை. மூன்று வருடமாக அது பூஜ்யமாகவே வந்ததால் எனக்கு அதன்மேல் மரியாதை விட்டுப்போயிருந்தது.

சடையங்குப்பம் பக்கம், ஆற்றோடு போய்ச் சேரும் கால்வாயை ஒட்டி வரிசையாக எருமைக் கொட்டகைகள் உண்டு. அங்கே மட்டும் எங்களைத் தண்ணீர் தொட விடவில்லை. கொட்டகைக்காரர்களில் பெரியவர் ஒரு பால்கார அம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர், தனி ஆளாகப் பதினோரு எருமைகளைக் கட்டி ஆண்டுகொண்டிருந்தார். யாராவது வந்து தண்ணி எடுத்தால் அப்பால நோட்டீசு வரும், நோட்டீசுக்கு அப்பால இடிக்கிற வண்டி வரும் என்று சொல்லி, கையில் இருந்த தடியைக் கரையில் ஊன்றினார். நான் மாடல், நன்மை, எதிர்காலம் என்று ஏதேதோ பேசிப் பார்த்தேன். அவர் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போய்த் தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்து, பால் வியாபாரம், மழை, எருமைக்கு வந்த காய்ச்சல் என்று ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில் எழுந்து, நெற்றியில் வெள்ளைக் கோடு இருந்ததால் நாமக்கட்டி என்று பெயர் பெற்றிருந்த எருமையின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார்.

"தண்ணி இன்னா சொல்லுதோ அதான் எயுதுவோம் யக்கா. ஒரு சொட்டு கூட்டவும் மாட்டோம், கொறைக்கவும் மாட்டோம். இது மேல சத்தியம்" என்றார்.

நாமக்கட்டி தலையை உதறிக்கொண்டது. பால்கார அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியம் பொய்த்தால் போவது தன் எருமையின் உயிர் அல்லவா என்று கேட்டார். அதுக்குத்தான் நான் ஒயுங்கா இருப்பேன், என் தல மேல அடிச்சா நான் ஏமாத்துனாலும் ஏமாத்துவேன் என்றார் அக்கா. தடி நகர்ந்தது. அன்றிலிருந்து அங்கே தண்ணீர் எடுக்கத் தடையில்லை. எடுத்து முடித்தால் டீயும் உண்டு.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், எங்கள் முக்கியமான சாம்பிள் காலம் ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னால். எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜை என்றால் அக்காவின் ராஜ்ஜியம். வேலை செய்கிற பொருளுக்கு வருஷத்துல ஒரு நாளாவது மருவாத குடுக்கணும் என்பார். கம்ப்யூட்டருக்குப் பொட்டு, மழைமானிக்குப் பொட்டு, ரப்பர் பூட்ஸுக்குக்கூடப் பொட்டு. வேதக்கோயில் வீட்டுப் பெண்ணான எனக்கு அந்த நாள் கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி பிடிக்கும். பொரியும் கடலையும் பூசணிக்காயும் வாங்க அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மாடியில் நான் மட்டும். மூலையில் அவருடைய மூன்று கூடைகள். நீலக் கூடை மேல்பகுதிக்கு, பச்சை முகத்துவாரத்துக்கு, சிவப்பு சடையங்குப்பத்துக்கு. பாட்டில்களை அக்கா அமிலம் போட்டு அலசி வைத்திருந்தார். அது முறைப்படியான சுத்தம். என் கண்ணுக்கோ அவை மங்கலாக, அழுது வடிந்துகொண்டு தெரிந்தன. மூன்று வருடம் கம்ப்யூட்டரைத் தவிர எதையும் துடைக்காதவளுக்கு அன்றைக்குப் பார்த்து அக்காவைச் சந்தோஷப்படுத்த ஆசை வந்தது. மொட்டை மாடிக் குழாயடிக்குச் சிவப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டுக்காரர்கள் வைத்திருந்த சலவைப் பவுடரைத் தாராளமாகப் போட்டு, பிரஷ்ஷால் உள்ளும் புறமும் மூடியும் திருகும் விடாமல் தேய்த்துத் தள்ளினேன். பாட்டில்கள் பளபளவென்று சிரித்தன. மற்ற இரண்டு கூடைகளுக்குக் கையில் வலு இல்லை. காயவைத்து அடுக்கி, ஒவ்வொரு மூடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

அக்கா வந்து பார்த்தார். நான் வெளியே துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். உள்ளே புகுந்து விளையாடியிருப்பேன் என்று யார்தான் நினைப்பார்கள். "நம்ப பாட்டிலுங்கள கண்ணாலப் பொண்ணு மாரி பண்ணிட்டியேமே" என்றார். எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

மழை வந்தது. அக்கா நனைந்துகொண்டே ஓடி ஓடி எடுத்தார். லேபிலிருந்து எண்கள் வந்தபோது, கொட்டகை ஓரத்து எண்கள் மட்டும் மற்ற இடங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு நின்றன. என் மாடல் அங்கே அவ்வளவு பாஸ்பரஸ் வரும் என்று சொல்லவே இல்லை. நல்ல மாடல்காரி இங்கே நின்று யோசித்திருப்பாள். நான் மாடலை எண்ணுக்கு ஏற்றபடி வளைத்தேன். சாணத்திலிருந்து கரையும் அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். போதவில்லை. மழைத் தண்ணீர் கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டு வரும் வேகத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பத்து நாள் திருகியதில் திரையில் என் கோடும் லேபின் புள்ளிகளும் மோதிரமும் விரலும்போல் பொருந்தின. நான் நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றினேன். ஆனந்தம் என்றால் அப்படி ஒரு ஆனந்தம். அந்தப் பொருத்தத்தை வைத்து வரைவு அறிக்கை எழுதினேன். கால்வாய் ஓரத்தில் எதை முதலில் அகற்றுவது என்று முடிவு செய்யும் அதிகாரிகள் கூட்டம் அடுத்த வாரம். என் அறிக்கையின் முதல் பரிந்துரை, எருமைக் கொட்டகைகளை அங்கிருந்து எடுத்துவிடுவது.

இந்த மாதிரிச் சேதி காற்றுக்கு முன்னால் போய்ச் சேரும். பால்கார அம்மா அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். திட்டவில்லையாம். "நாங்க எங்கம்மா போவோம், இதுங்கள இட்டுகினு" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. எண் அப்படித்தான் வந்திருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்றேன். தண்ணீர் அப்படிச் சொல்லியிருந்தால் சரி, போய் அவங்க மூஞ்சியப் பாத்து நானே சொல்லுவேன் என்றார் அக்கா. எண்களைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரலை வைத்து வரி வரியாக இறங்கி வந்தவர், கடைசியில் நிறுத்தினார்.

"எம் சொம்மா பாட்டில் எங்கமே?"

அழித்துவிட்டேன், எப்போதும் அழிப்பதுதானே என்றேன். லேபிலிருந்து வந்த மூலத் தாளைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நீலக் கூடையின் சொம்மா பாட்டில்: பூஜ்யம். பச்சைக் கூடை: பூஜ்யம். சிவப்புக் கூடையின் சொம்மா பாட்டிலில், சுத்தமான வடிநீரில், ஒரு எருமைக் கொட்டகைக்கு உரிய பாஸ்பரஸ் இருந்தது.

அக்கா சிவப்புக் கூடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உபயோகிக்காமல் மிச்சமிருந்த ஒரு பாட்டிலில் வடிநீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கினார். நீலக் கூடையிலிருந்து ஒன்றில் அதையே செய்தார். இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, எங்களிடம் இருந்த சோதனை மருந்தைச் சொட்டினார். பாஸ்பரஸ் இருந்தால் அது நீலமாகும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் இருவரும் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலக் கூடைக் குழாய் நிறமில்லாமலே இருந்தது. மற்றது மெல்ல மெல்ல, மாதாவின் அங்கி நிறத்துக்கு வந்தது. அக்கா சிவப்புக் கூடைப் பாட்டிலின் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வட்டத் தக்கையை நகத்தால் நெம்பினார். அதன் அடியில் வெள்ளையாக, நனைந்து காய்ந்து கட்டியான பவுடர். முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதில் எலுமிச்சை வாசம் அடித்தது.

அந்த நொடியில் என் மூளையில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மாடலில் துணி துவைக்கும் சோப்புக்கென்றே தனியாக ஒரு பகுதி உண்டு. சலவைப் பவுடரில் பாஸ்பரஸ் உண்டு என்று ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசியவள் நான். ஊருக்கு உபதேசம் செய்த அதே கையால்தான் பாட்டில் கழுவியிருக்கிறேன். அதோடு நிற்காமல், என் சோப்பு எப்படி எருமைச் சாணமாக இருக்க முடியும் என்பதைப் பத்து நாள் கஷ்டப்பட்டு நிரூபித்தும் இருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, என் குரங்குக்கு வரைபடம், அட்டவணை, பின்னிணைப்பு எல்லாம் இருந்தன. எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாலப் பொண்ணு கண்ணாலப் பொண்ணுன்னு நான் வேற மெச்சிகினேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நானும் அழுகையோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, கிளம்பு என்றார். முதலில் எங்கள் ஐயாவிடம், அதாவது ஆபீஸ் தலைவரிடம், சொல்லிவிடலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வார்த்த எங்க குடுத்தமோ மொதல்ல அங்க. நான் சொல்ல மாட்டேன். நீயே உன் வாயால சொல்லு."

டோல்கேட்டுக்குப் போகும் சாலையில் லாரிகள் நிற்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டு, வேறு எங்காவது ஓடிவிடலாமா என்று யோசித்தபடி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு ஆட்டோ வடக்கே திரும்பிவிட்டது. நாங்கள் போன நேரம் மத்தியானப் பால் கறவை. பால்கார அம்மா நாமக்கட்டியின் மடியடியில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்தும் கறப்பதை நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, குழாயடி, பவுடர், மூடிக்குள் தங்கியது, நான் அழித்த வரி, அறிக்கையில் எழுதியது. உங்கள் எருமைகள் செய்யாததை எல்லாம் அவற்றின் தலையில் கட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, அக்காவுக்கு இதில் பங்கில்லை, அறிக்கையைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்றேன். செம்பில் பால் விழும் சத்தம் நின்றது.

"இரு. பாட்டில பவுடரு போட்டா கயுவுன?" என்றார்.

ஆமாம் என்றேன். என்ன பவுடர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் எழுந்து பக்கத்துக் கொட்டகைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்தார்கள். அவர்கள் முன்னால் என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். பொட்டு வைத்த இடம் வந்தபோது ஒருவர் ஆரம்பிக்க, கொட்டகையே சிரித்தது. நான் அசடு வழிய நின்றேன். அவர்களில் யாரும் என்னைத் திட்டவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பால்கார அம்மா மட்டும் சிரித்து முடித்துவிட்டு, திரும்ப எடு, ஆனா நான் பக்கத்துல நின்னு பாப்பேன் என்றார். எங்கள் இருவருக்கும் அன்றைக்குக் கிடைத்த டீயில் தண்ணீரே கிடையாது.

மறுநாள் ஐயாவின் அறையில் அவ்வளவு சிரிப்பு இல்லை. பாட்டில்கள் யார் பொறுப்பு என்று கேட்டார். என் பொறுப்பு சார் என்று அக்கா முந்திக்கொண்டார். கழுவியது நான், வரியை அழித்ததும் நான் என்றேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கடிதம் எழுதினார். நடந்ததை அப்படியே ஒரு பக்கம் எழுதிப் புதிய அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் சொன்னார். சேர்த்தேன். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

மூன்று கூடை பாட்டில்களையும் அக்காவே தக்கை கழற்றி, அமிலம் போட்டு அலசினார். அந்த மூலைப் பக்கம் என்னை அண்டவிடவில்லை. அடுத்த மழையில் புதிதாக எடுத்தோம். பால்கார அம்மா குடை பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலையும் கவனித்தபடி பக்கத்திலேயே நின்றார். எண்கள் வந்தன. சொம்மா பாட்டில் மூன்றும் பூஜ்யம். கொட்டகை ஓரத்தில் பாஸ்பரஸ் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதே கால்வாயில் விழும் எந்தச் சாக்கடையையும்விட அதிகமில்லை. நான் திருகி வளைப்பதற்கு முன்னால் என் மாடல் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. பாவம், அது சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் அதன் காதைத் திருகிப் பொய் சொல்ல வைத்தேன். கொட்டகைகளை எடுக்க வேண்டாம், சாணக் குழியை மட்டும் கரையிலிருந்து தள்ளி வெட்டினால் போதும் என்று அறிக்கை போனது. கூட்டத்தில் அப்படியே முடிவானது. அந்தச் சேதியைச் சொல்ல அக்கா ஓட்டமும் நடையுமாகக் கரையில் போனதையும், தூரத்திலிருந்தே கையைத் தூக்கி ஆட்டியதையும், பதிலுக்கு அங்கே ஒரு பால் செம்பு உயர்ந்து ஆடியதையும் நான் பின்னாலிருந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அது ஒன்று.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா வேலையை விட்டு, மகளுக்குப் பிள்ளை பிறந்ததால் ஓசூருக்குப் போய்விட்டார். அங்கே ஏரித் தண்ணீரைப் பார்த்தால் கை அரிக்கிறது என்று போனில் சொல்வார். சாம்பிள் எடுப்பது இப்போது என் வேலையும்தான். பாட்டில் கழுவுகிறேன், பவுடரை மாடியிலேயே வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கரையில் என்னை யாரும் சாம்பிள் அக்கா என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் அவருடையது. எனக்குப் பவுடரம்மா என்று பெயர்.

போன மழைக்குப் பிறகு வந்த எண்களில் கொட்டகை ஓரம் உயர்ந்திருந்தது. தண்ணீர் கொட்டகைக்கு வருமுன் எடுத்த பாட்டிலில் குறைவு, தாண்டிய பிறகு எடுத்ததில் கூடுதல். சொம்மா பாட்டிலை மூன்று முறை பார்த்தேன். பூஜ்யம். தக்கைகளை நெம்பிப் பார்த்தேன். மறுநாள் போய்த் திரும்ப எடுத்தேன். அதே எண். இந்த முறை தப்பு என் கையில் இல்லை. அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன் என்பதே உண்மை. நேரில் போய்ச் சொல்லாமல் விட்டால் அறிக்கையாகத்தான் கொட்டகைக்காரர்களுக்குப் போகும். அக்கா இருந்திருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, மூன்றாம் நாள் போனேன்.

பால்கார அம்மா இப்போது பதினாறு எருமை வைத்திருக்கிறார். தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எருமை கூடியிருக்கிறது, குழி பழைய அளவுதான், மழையில் நிரம்பி வழிந்து கால்வாய்க்கு வருகிறது, எண் ஏறியிருக்கிறது, இப்படியே எழுதத்தான் வேண்டியிருக்கும் என்றேன். அவர் தடியைக் கையில் எடுத்தபோது ஒரு கணம் பழைய நாள் போல இருந்தது. ஆனால் அதை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கத்தான் எடுத்திருக்கிறார், முட்டி வலி.

"அன்னிக்கு உன் தப்ப நீயே வந்து சொன்ன. இன்னிக்கு என் தப்ப நீ வந்து சொல்ற. நான் இன்னா பேச முடியும்" என்றார். பிறகு மருமகனைக் கூப்பிட்டு மண்வெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

குழியைப் பெரிதாக்க எங்கே இடம் இருக்கிறது என்று மூவருமாக நடந்து பார்த்தோம். கரையிலிருந்து எத்தனை அடி தள்ளி வெட்ட வேண்டும் என்று அவர் கேட்டார், சொன்னேன். அதற்கும் பத்து அடி தள்ளிக் கோடு கிழித்தார். திரும்பி வரும்போது ஆட்டோவிலிருந்தே ஓசூருக்குப் போன் செய்தேன். எண் ஏறியதைச் சொன்னதும் அக்கா, போய் சொன்னியா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். பால்கார அம்மா சொன்ன பதிலையும் சொன்னேன். அந்தப் பக்கம் அழும் பேரக்குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அந்தம்மா அப்டியா சொன்னாங்க? இன்னொரு தபா சொல்லுமே" என்றார்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தி, இன்னொரு முறை சொன்னேன்.